பிறரைத் தம் நெறிக்கு அழைப்பது ஏன்?

(தமிழ் மன்றம் ஒன்றின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் இதே இடத்தில் கூட்டம் முடிந்தபின், இளைஞர் ஒருவர் என்னை வாயிலில் நிறுத்திச் சற்றுச் சினத்துடனேயே ஒரு வினாவைக் கேட்டார். "ஐயா, ஞாயிறுதோறும் எங்கள் தெருவுக்குச் சிலர் வருகின்றனர். கதவைத் தட்டித் துண்டுத்தாள் தருகின்றனர். எங்கள் பாட்டனாரும் அவர்தம் பாட்டனாரும் கும்பிட்ட கடவுளைப் பொய் என்கின்றனர். தாம் நம்புவதைத் தம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் இவர்களுக்குப் போதாதா? வெளிநாட்டுப் பணமன்றி இதற்கு வேறு கரணியம் உண்டா?" என்றார். அன்று எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றியே பேசுகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டேன்.

பேருந்தில் ஏறிய பின்னும் அவ் வினா என்னை விடவில்லை. ஏனெனில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே வினாவை நானும் கேட்டவன். கேட்டதோடு அமையாமல், அதற்கு நானே ஒரு விடையையும் சொல்லி, அவ் விடையால் ஒரு நல்ல நண்பரை நெடுங்காலம் இழந்தவன். அதை இறுதியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எல்லாச் சமயத்தாரும் பிறரை அழைப்பதில்லை. யூதர் பிறரைத் தேடிச் சென்று அழைக்கும் வழக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கொண்டிலர். தாமே விரும்பி வருவாரையும் எளிதில் ஏற்காமல், அவர்தம் உறுதியை ஆய்ந்து பார்த்த பின்னரே சேர்ப்பது அவர் மரபு. ஈரானிலிருந்து வந்து கூர்ச்சரக் கரையில் குடியேறிய பார்சியருள் பழைய மரபினர், பிற குடியிற் பிறந்தவர் தாமே வந்து வேண்டினும் ஏற்பதில்லை. இவர்களுக்குச் சமயம் என்பது குருதிவழி வரும் குடிச்சொத்து. குடிச்சொத்தை அயலாரை அழைத்துப் பங்கிட்டுக் கொடுப்பார் யார்?

புத்தமும் கிறித்தவமும் இசுலாமும் இதற்கு மாறானவை. தாம் கண்ட உண்மை ஒரு குடிக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று, மாந்தனாய்ப் பிறந்த ஒவ்வொருவனுக்கும் உரியது என்று தொடக்கத்திலேயே அறுதியிட்டவை இவை. இயேசு தம் மாணாக்கரை எல்லா இனத்தாரிடமும் செல்லுமாறு பணித்தார் என்று மத்தேயு எழுதிய நற்செய்தி நூல் முடிகின்றது. அப்படி அறுதியிட்டுக் கொண்ட ஒருவனுக்கு வாய்மூடி இருத்தல் அறமாகத் தோன்றாது. வறண்ட நாட்டில் ஊற்றொன்றைக் கண்டவன் அதைக் கிளைகொண்டு மூடிவைத்துத் தான்மட்டும் பருகினால் அவனை நாம் நல்லவன் என்போமா? அழைப்பவன் தன்னை ஊற்றைக் கண்டவனாகவே கருதுகிறான். அவன் கண்டது ஊற்றா கானலா என்பது வேறு வினா.

இங்கே, நம்மவருள் பலர் கொண்டாடும் ஒரு பெருமையையும் தொட்டுக்காட்ட வேண்டியுள்ளது. "நாங்கள் யாரையும் எங்கள் மதத்துக்கு இழுப்பதில்லை, அது எங்கள் பெருந்தன்மை" என்று பேசக் கேட்டிருக்கிறீர்கள். அழையாமை எல்லாம் பெருந்தன்மை ஆகிவிடாது. வருவோனை எந்தத் திண்ணையில் உட்காரவைப்பது என்று தெரியாத வீட்டாரும் விருந்தை அழைப்பதில்லை! பிறப்பால் அடுக்கிய சாதிப் படிக்கட்டில், புதிதாய் வந்தவனை எந்தப் படியில் நிறுத்துவது? முன்னமே உள்ளே இருப்பவனையே கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்திய ஓர் அமைப்பு, வெளியே இருப்பவனை எந்த முகத்தோடு அழைக்கும்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடநாட்டு ஆரிய சமாசத்தார் 'சுத்தி' என்னும் சடங்கால் பிற மதத்தாரைச் சேர்க்கத் தொடங்கினர். ஆங்கில ஆட்சியார் மக்கட்டொகைக் கணக்கெடுப்பில் மதவாரியாகத் தலைகளை எண்ணத் தொடங்கிய காலமும் அதுவே. எண்ணிக்கை வலிமையாகும் என்று கண்டபின், அழையாத மரபினரும் அழைக்கக் கற்றுக்கொண்டனர்.

அழைப்புப் பணியை அரசே மேற்கொண்டதற்குப் பழைய சான்று, கி.மு. 3ஆம் நூற்றாண்டினனான அசோகனின் கல்வெட்டுகள். அவனுடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு, படைவெற்றியினும் அறவெற்றியே மேலென்று கூறி, அவ் வெற்றி எட்டிய நாட்டாருள் சோழரையும் பாண்டியரையும் சேர்த்துச் சொல்கின்றது. அவன் பரப்பிய அறம் புத்த நெறியேயா, பொதுவறமா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே வேறுபாடு உண்டு. அது நிற்க. நாம் நினைவிற் கொள்ளத்தக்கது அவனுடைய 12ஆம் கல்வெட்டு. தன் நெறிமேற் கொண்ட பற்றால் பிறர் நெறியைப் பழிப்பவன் தன் நெறிக்கே கேடு சூழ்கிறான் என்னும் பொருள்பட அதில் அவன் பேசுகிறான். நெறி பரப்பத் தூதரை விடுத்த அதே மன்னன்தான் இதையும் கல்லில் வெட்டி வைத்தான்.

இனி, நம் கடற்கரைக்கு வருவோம். அழைப்பவன் நெஞ்சை அவன் எழுத்தாலேயே அறிய நமக்கு வாய்த்துள்ள மிகச் சிறந்த சான்று, முத்துக்குளித்துறையில் எழுந்தது. சவேரியார் எனப்படும் பிரான்சிசு சேவியர் 1542இல் இந்தியக் கரை சேர்ந்தார். அவ்வாண்டே பரதவர் ஊர்களுக்கு வந்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடல் ஒன்று உண்டு. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: கற்பிக்க ஆளில்லாமையால்தான் இங்கே பலர் கிறித்தவராகாமல் இருக்கின்றனர், பாரிசுப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அன்பைவிடக் கல்வியை மிகுதியாகச் சேர்த்து வைத்திருப்போர் நடுவே, அறிவு பேதலித்தவனைப் போல் கூவி, உங்கள் மடியால் எத்துணை உயிர்கள் துறக்கம் இழந்து எரிநிரயத்திற் போய் விழுகின்றன என்று கேட்கவேண்டும் போல் எனக்குத் தோன்றுகிறது. நாள் முழுதும் திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போவதையும் அம் மடலிற் குறிக்கிறார்.

பெருமக்களே, இம் மடலைப் படிப்பவர், 'இவன் கூலிக்கு வந்தவன்' என்று சொல்ல இயலாது. எரியும் வீட்டினுள் குழந்தைகள் உறங்குவதைக் கண்டவனின் பதைப்பு அது. அவ் வீடு உண்மையில் எரிகின்றதா என்று நாம் கேட்கலாம், நான் கேட்பவன். திருமுழுக்குப் பெறாது இறந்த நம் மூதாதையரெல்லாம் எரியிற் கிடக்கின்றனர் என்னும் கொள்கையை என் நெஞ்சம் ஏற்காது. ஏற்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்றே எண்ணுகிறேன். ஆனால் அக் கொள்கையை ஐயமற நம்பிய ஒருவன் எப்படி நடப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அவன் கதவைத் தட்டாமல் இருந்தால்தான் வியப்பு.

இதே மடலில் இன்னொரு செய்தி. அவர் பேசுவது மக்களுக்கு விளங்கவில்லை. மக்கள் பேசுவது அவர்க்கு விளங்கவில்லை. ஏனெனில் அவர்கள் தாய்மொழி தமிழ், தம் தாய்மொழியோ பாசுக்கு என்று எழுதுகிறார். போர்த்துக்கீசியக் கப்பலில் வந்த அவர், போர்த்துக்கீசியத்தையோ இலத்தீனத்தையோ தம் மொழி என்று சொல்லாமல், இசுப்பானிய மலைச்சாரலில் ஒரு சிறு தேசிய இனம் பேசும் பாசுக்கைச் சொன்னார். (அம் மொழியைப் பிற்காலத்தில், 20ஆம் நூற்றாண்டில், பிராங்கோவின் ஆட்சி பள்ளியிலும் பொதுவிடத்திலும் ஒடுக்கியது; அது தனிக்கதை.) பின்னர் இருமொழி அறிந்தாரைக் கூட்டி, வேண்டுதல்களைத் தமிழிற் பெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார்.

அழைத்தவரின் கரணியம் அது. வந்தவரின் கரணியமும் அதுதானா? அன்று. சவேரியார் வருமுன்பே, 1536–37 அளவில், பரதவர் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றுவிட்டனர். முத்துக்குளிப்பில் அவர்க்கிருந்த உரிமையைப் பிற வணிகர் நெருக்கியபோது, கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் கடற்படைப் பாதுகாப்பை வேண்டினர். அதற்கு ஈடாக அவர் மதத்தை ஏற்றனர். ஒருவர் உயிரை மீட்க வந்தார். மற்றவர் பிழைப்பை மீட்க வந்தனர். மதமாற்றத்தின் வரலாறு நெடுகிலும் இவ் விரண்டு கணக்கும் வேறுவேறாகவே ஓடும். 1981இல் நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்து மக்கள் பெருந்தொகையாய் இசுலாத்தைத் தழுவியபோது, 'யார் பணம் கொடுத்தது' என்று நாடெங்கும் கேட்டனர். அவர்களை அத்தனை காலம் தெருவில் எப்படி நடத்தினோம் என்று கேட்டவர் சிலரே.

இனி, இளைஞர் சொன்ன பணமும் ஆட்சியும். அவை இல்லையென்று நான் சொல்லவில்லை. கோவாவில் போர்த்துக்கீசிய அரசும் திருச்சபையும் ஒன்றன் கையை ஒன்று பற்றி நடந்தன. 1560இல் அங்கே சமய வழக்காய்வு மன்றம் நிறுவப்பெற்றது. இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை அது நிலவியது. புதிதாய் மாறியவர் பழைய வழக்கங்களை மறைவில் பேணுகின்றனரா என்று ஆய்ந்து ஒறுத்தது. 1684இல் கோவா ஆட்சியாளர், மக்கள் மூன்றாண்டுகளுக்குள் கொங்கணியை விட்டுப் போர்த்துக்கீசியம் பேசவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். முன்னதாக அம் மண்ணில், கொங்கணிக்கு இலக்கணம் எழுதி 1640இல் அச்சிட்டவரும் கிறித்தவத் துறவியரே! உயிரை மீட்கிறேன் என்று வந்தவன் நாவை அறுக்கத் துணிந்தால், அவன் மீட்க வந்தது உயிரையன்று என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் ஆட்சியும் வணிகமும் எப்போதும் மதம் பரப்புவோருக்குத் துணைநின்றன என்று எண்ணுவதும் பிழை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பணி 1813 வரை விடையூழியரைத் தன் எல்லையில் எளிதில் நுழையவிடவில்லை. வணிகத்துக்கு இடையூறு வரும் என்பதே அதன் அச்சம். ஆங்கிலேயராகிய வில்லியம் கேரி 1800இல் தென்மார்க்குக்காரர் ஆண்ட சிராம்பூரில் போய்த் தங்கியது அதனால்தான்.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு. செருமானியராகிய சீகன்பால்கு, தென்மார்க்கு மன்னன் விடுப்ப, புளூச்சோ என்னும் தோழரோடு 1706 சூலையில் அங்கே வந்திறங்கினார். அப்போது அவர்க்கு அகவை இருபத்து நான்குதான். மன்னன் விடுத்த ஆள் என்று பெயர். கோட்டைத் தலைவனுக்கோ அவர் வரவு கசந்தது. ஏழைகளின் வழக்கில் தலையிட்டுக் கோட்டையாரை எதிர்த்தார் என்று 1708 இறுதியில் அவரைப் பிடித்து, ஏறத்தாழ நான்கு திங்கள் சிறையில் அடைத்தான். அடைத்தவனும் கிறித்தவனே, அடைபட்டவனும் கிறித்தவனே என்பதை நோக்குங்கள்.

அவர் தமிழ் கற்ற முறை பலரும் அறிந்ததே. திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் மனைக்கே பள்ளியை மாற்றுமாறு வேண்டி, சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிக் கற்றார். இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் என்ன கூறுகின்றது என்று பட்டியல் எழுதினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் செருமானியத்திற் பெயர்த்தார். பொய்ந்நெறியை வீழ்த்த அதன் நூல்களை அறியவேண்டும் என்று கற்கத் தொடங்கியவர்க்கு, கற்கக் கற்கக் கண் வேறாயிற்று. மறையறியா மக்கள் என்று எண்ணி வந்த இடத்தில், தம் நாட்டாரினும் ஒழுங்காக வாழ்வாரையும் ஆழ்ந்த அறநூல்களையும் கண்டதாகத் தாயகத்துக்கு எழுதினார்.

பின்னும் ஒன்று செய்தார். எனக்கு அவரிடத்தில் மிகப் பிடித்தது இதுவே. தமிழ் அறிந்த பலர்க்கு வினாக்கள் எழுதி விடுத்தார். உங்கள் கடவுட்கொள்கை என்ன, எங்கள் நெறியை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். வந்த விடைகளைச் செருமானியத்திற் பெயர்த்து, ஆல்லே நகருக்கு விடுத்தார். 99 மடல்கள் அங்கே அச்சேறின. நம் மக்கள் முகத்துக்கு அஞ்சாமல் எழுதியுள்ளனர். கிறித்தவர் ஆவைக் கொன்று உண்கின்றனர், குடித்து வெறிக்கின்றனர், உடல் தூய்மை பேணுவதில்லை, பின் எங்ஙனம் அவர் நெறியை மதிப்போம் என்று கேட்டுள்ளனர். அழைக்க வந்தவன், அழைக்கப்பட்டவன் மறுத்துரைத்ததைத் தானே பெயர்த்துத் தன் நாட்டாருக்கு அனுப்பினான். இது எல்லாராலும் ஆவதன்று.

1713இல் அவர் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி ஆல்லேக்கு விடுத்தார். அங்கிருந்து பணியை நடத்திய பிராங்கே என்னும் தலைவர் அதைக் கண்டு மகிழவில்லை. பிற நெறியைக் களையத்தான் உங்களை விடுத்தோம், அதன் வீண்கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதற்கு அன்று என்னும் கருத்தில் மறுமொழி வந்தது. நூல் பெட்டியிற் கிடந்தது. சீகன்பால்கு 1719இல் முப்பத்தாறாம் அகவையில் இறந்தார். நூல் அச்சானது 1867இல், அதுவும் சென்னையில்.

ஒரே நம்பிக்கை, ஒரே பணி. பிராங்கே ஆல்லேயில் இருந்தார். சீகன்பால்கு தரங்கம்பாடித் தெருவில் இருந்தார். ஒருவர்க்கு நாம் மீட்கப்பட வேண்டிய எண்ணிக்கை. மற்றவர்க்கு, விடை சொல்லும் மாந்தர். அழைப்புக்குக் கரணியம் பெரும்பாலும் அன்பும் அச்சமும் கடமையுணர்வும்தான் என்று நான் முடிவுகொண்டிருக்கிறேன், அதில் ஐயமில்லை. ஆனால் அவ் அன்புக்குப் பெரும்பாலும் காது கேட்பதில்லை. தனக்குத் தெரிந்ததைத் தவிர எதிரிலிருப்பவனுக்கு ஏதும் தெரிந்திருக்கும் என்று எண்ணாத அன்பு அது. எதிராளியின் மொழியை மெய்யாகவே கற்பவனுக்குத்தான் அக் காது சற்றே திறக்கின்றது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழில் அச்சிட்ட அன்றீக்கு அடிகளும் அத்தகையவரே. யூத வழியினர் என்பதற்காகத் தம் நாட்டுத் துறவுமடம் ஒன்றால் விலக்கப்பட்டவர் அவர். நம் கரையிலேயே அரை நூற்றாண்டு வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் இறந்தார்.

அந்த இளைஞர் இன்றும் வந்திருக்கிறார், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம்பி, அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தால் நீர் கதவைச் சாத்தவும் செய்யலாம். அது உம் உரிமை. திறந்தால், உட்காரச் சொல்லி நீரும் வினவும். நாங்கள் கும்பிடுவதைப் பற்றி என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேளும். 'வேண்டா' என்று நீர் சொன்னபின் அவர் எழுந்து போகிறாரா என்று பாரும். பசித்தவனுக்குச் சோற்றையும், நோயாளிக்கு மருந்தையும், சிறுவனுக்குப் படிப்பையும் மதத்தோடு முடிபோட்டுக் கொடுப்பாராயின் அதைத் தெருவறியக் கண்டியும். எந்த மதத்தார் செய்யினும் அது அழைப்பு ஆகாது, வலை ஆகும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே 'எவ்வளவு வாங்குகிறாய்' என்று மட்டும் கேளாதேயும்.

அதை ஒருமுறை கேட்டவன் நான். என் பள்ளித்தோழர் ஒருவர் தம் முப்பதாம் அகவையளவில் கிறித்தவரானார். அவ்வாண்டு எனக்கு மஞ்சட்காமாலை கண்டது. நாடோறும் மாலையில் மிதிவண்டியில் வந்து என் கட்டிலருகே அமர்ந்து, செய்தித்தாளைப் படித்துக்காட்டுவார். ஒருநாள் என் கையைப் பற்றிக்கொண்டு, "நீ இப்படியே போய்விட்டால் அங்கே உன்னை எங்கே தேடுவேன்?" என்று கண்கலங்கிப் பேசத் தொடங்கினார். நான், "தலைக்கு எவ்வளவு தருகிறார்கள் உனக்கு?" என்றேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனவர், பதினெட்டு ஆண்டுகள் என் வீட்டுப் படி ஏறவில்லை.

சவேரியாரின் அம் மடலை நான் படித்தது அதன் பிறகுதான். படித்த அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். நோயாளியிடம் அதைப் பேசியது முறையன்று என்று இன்றும் கருதுகிறேன்; அதை அவரிடம் சொல்லவும் செய்தேன், அவரும் ஒப்பினார். என் சொல்லுக்காக நான் வருந்தியதையும் சொன்னேன். "காசு வாங்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீயே கேட்கும்போது எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

இப்போதும் கிழமைக்கொரு முறை சந்திக்கிறோம். விடைபெறும்போதெல்லாம் எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்கிறார். நான் போவதில்லை என்பது அவர்க்கும் தெரியும். சென்ற கிழமை, அவர்கள் பாட்டுப் பொத்தகத்தில் 'ஸ்தோத்திரம்' என்று வருமிடமெல்லாம் நல்ல தமிழ்ச் சொல்லாக என்ன இடலாம் என்று கேட்டார். 'போற்றி' என்றேன். எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர் சபையார் இன்னும் ஒப்பவில்லையாம்.

இவ்வளவே நான் சொல்ல வந்தது.